இறைத்தவர் கையெழுத்து

எங்கள் மலேசியக் கல்லூரி முதல்வர் என்னிடம் கேட்டது ஒரு பட்டியல்தான். ஈப்போவில் சுற்றுச்சூழல் படிப்பில் முதுகலை வகுப்பு தொடங்கப் போகிறோம், மெட்ராஸ் பக்கம் ஒரு கல்லூரி அதை நன்றாக நடத்துகிறதாம், நேரில் போய் என்னென்ன கருவிகள் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து எழுதிக்கொண்டு வா என்றார். வேதியியல் ஆசிரியனுக்குக் கருவிகளைப் பார்ப்பது கசக்குமா? ஒரு தடித்த நோட்டுப் புத்தகமும், தமிழ்நாட்டில் யாரும் குறை சொல்லிவிடக் கூடாதே என்று இரண்டு வேட்டிகளும், புதிதாக வாங்கிய கறுப்புத் தோல் சப்பாத்தும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தொண்ணூறுகளின் தொடக்கம். பிப்ரவரி மாதம்.

அந்தத் துறையின் தலைவர் ஞானவேல், அம்பத்தூர் நிலையத்தில் இறங்கச் சொல்லியிருந்தார். மின்சார ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் நான் முழிப்பதைப் பார்த்து, எங்கே போக வேண்டும் என்று விசாரித்தார். சொன்னேன். "அம்பத்தூர் வந்தா நான் சொல்றேன். நீங்க பாட்டுக்குக் குந்துங்க" என்றார். எங்கள் ஊரில் முன்பின் தெரியாதவனுக்கு யாரும் இவ்வளவு பொறுப்பு எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பெயர்ப்பலகையைப் பார் என்று கை காட்டுவதோடு சரி. எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. ஜன்னல் பக்கமே திரும்பாமல் அவரோடு பேசிக்கொண்டு வந்தேன். பேச்சின் நடுவில் அவர் தலை சாய்ந்தது. அவரே சொல்வதாகச் சொன்ன பிறகு நான் எழுப்புவது மரியாதையாக இருக்காது என்று சும்மா இருந்தேன்.

வண்டி குலுங்கி நின்றபோது கண் விழித்தார். வெளியே வேப்பம்பட்டு என்று எழுதியிருந்தது.

"அம்பத்தூர் எப்பவோ பூட்ச்சே, அண்ணாத்தே" என்றார். "நான் ஆவடில எறங்க வேண்டியவன். அதுவும் பூட்ச்சு."

இருவரும் இறங்கி எதிர் நடைமேடைக்குப் போனோம். என்னை ஊர் தாண்டிக் கொண்டுவந்துவிட்ட குற்றத்துக்காக மிளகாய்த்தூள் தடவிய கொய்யாக்காய் வாங்கிக் கொடுத்தார். அதைத் தின்றுகொண்டே அடுத்த வண்டிக்குக் காத்திருந்தோம். நல்ல மனதோடு செய்கிற உதவியும் ஆளை வேறு ஊருக்குக் கொண்டுபோய் விட்டுவிடும் என்பதை அன்று நான் ஒரு வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அம்பத்தூரில் ஞானவேல் இரண்டு மணி நேரமாகக் காத்திருந்தார். நாற்பது வயதைத் தொடாதவர், படபடவென்று பேசுகிறவர், கோபம் மூக்கு நுனியில் இருக்கிறவர். அவருடைய ஸ்கூட்டரை ஒரு பக்கமாகச் சாய்த்து, கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்து, பிறகு நிமிர்த்தி உதைத்தால்தான் கிளம்பும். அன்று அதற்கும் கிளம்பவில்லை. நான் பின்னாலிருந்து தள்ள, அவர் வண்டியைத் திட்ட, அவர் வீடு போய்ச் சேர்ந்தோம். "பசியாறிட்டீங்களா?" என்று அவர் மனைவியைக் கேட்டேன். எங்கள் பக்கத்தில் காலை உணவுக்குச் சொல்கிற வார்த்தை அது. அந்த அம்மா அதை ரசித்து இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு எனக்குப் பொங்கல் வைத்தார். மிளகு, முந்திரி, விரல் நனையும் நெய். நான்கு நாளும் என் நோட்டில் முதல் குறிப்பு சாப்பாட்டைப் பற்றியே அமைந்துவிட்டதற்கு நான் பொறுப்பில்லை.

இரண்டாம் நாள் ஆய்வுக்கூடத்தைக் காட்டினார். உள்ளே போனதும் என் பட்டியல் படுத்துவிட்டது. எங்கள் ஈப்போ கூடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள் ஜப்பானியக் கருவிகள் பளபளக்கும். இங்கே ஒரு பழைய குளிர்பெட்டிக்குள் பல்பு ஒன்றைத் தொங்கவிட்டு, அதையே ஒரே சூட்டில் தண்ணீர் வைக்கும் பெட்டியாக்கியிருந்தார்கள். மாதிரிகள் கெடாமல் கொண்டுவர மீன் கடையிலிருந்து ஐஸ் வாங்கி மரத்தூளில் புதைத்து சைக்கிளில் கட்டிக்கொண்டு வருகிறார்கள். மின்சாரம் போனால், யாரும் சொல்லாமலே, ஆறு மாணவர்களில் ஒருவர் எழுந்து போய்க் குளிர்பெட்டிக் கதவுமேல் சாக்கைப் போர்த்திவிட்டு வருகிறார். மூடிய புத்தகத்தை எடுத்துத் திறப்பது போல அவ்வளவு இயல்பாக அது நடந்தது. எங்கள் மாணவர்கள் மின்சாரம் போனால் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. கிணறு எண், நாள், நேரம். நான்காவதாக ஒரு வரி: 'இறைத்தவர்'. அதற்கு எதிரே கையெழுத்து.

"இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"தண்ணிக்குள்ள என்ன இருக்குன்னு மெஷின் சொல்லும். தண்ணி எங்கேருந்து வந்துச்சுன்னு மெஷினுக்குத் தெரியாதே" என்றார் ஞானவேல். "பசங்க தங்க கையால இறைச்சாத்தான் அவங்க கையெழுத்து. இந்தத் துறையில இது ஒண்ணுதான் சட்டம்."

நான் தலையாட்டினேன். ஆனால் முள் தைத்த மாதிரி இருந்தது. எங்கள் ஊரில் வெள்ளீயம் தோண்டிய பழைய குட்டைகள் நூற்றுக்கணக்கில் உண்டு. அவற்றின் தண்ணீரைப் பற்றி நான் எழுதிய அறிக்கைகளுக்கு எங்கள் மேலாண்மைக் குழு கைதட்டியிருக்கிறது. அந்தத் தண்ணீரைக் கொண்டுவருகிறவர் எங்கள் கூடத்துச் சிப்பந்தி. எந்தக் குட்டை என்று அவர் சொல்வார், நான் கையெழுத்துப் போடுவேன். இதை ஞானவேலிடம் சொல்லவில்லை.

இன்னொரு வழக்கத்தையும் அவர் சொன்னார். இங்கே ஒரு மாணவர் ஆய்வை முடித்தால் பேராசிரியர்கள் முன்னால் உட்காருவதற்கு முன், தண்ணீர் எடுத்த ஊரிலேயே நின்று, முடிவை எல்லாருக்கும் புரிகிற தமிழில் படிக்க வேண்டும். புரியவில்லை என்று ஒருவர் சொன்னாலும் திரும்பப் படிக்க வேண்டும். அதற்கு 'வாசிப்பு' என்று பெயர். வீடு வீடாகப் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறார்கள். பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலைய மேலாளர் ஒவ்வொரு வாசிப்புக்கும் வந்து பின்வரிசையில் உட்காருவாராம். வேலைக்கு ஆள் எடுப்பது அங்கேதான். "கருவியை நான் கத்துக் குடுத்துக்கிறேன், ஊருக்கு முன்னாடி நின்னு பேசறதை என்னால கத்துக் குடுக்க முடியாது" என்பது அவர் கட்சி.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு இசக்கியம்மாளுடையது. இருபத்திரண்டு வயது. ஒல்லியான பெண், எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை, சட்டைப் பையில் செருக வேண்டிய பேனாவைச் சடையில் செருகியிருந்தாள். அப்பாவுக்கு ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். அன்று சாயங்காலம் என்னைக் குவார்ட்டர்ஸுக்கு அழைத்துப் போனாள். ஒரே அச்சில் வார்த்த வீடுகள், வரிசை வரிசையாக. ஒரு வாசலில் மலையாளம், அடுத்த வாசலில் தெலுங்கு, மூன்றாவதில் மதுரைத் தமிழ். எல்லா வாசலுக்கும் அவள் அந்தந்த மொழியில் பதில் சொல்லிக்கொண்டே நடந்தாள்.

அவள் அம்மா சொதி வைத்திருந்தார். தேங்காய்ப்பாலில் காய்கறி வெந்து, எலுமிச்சை பிழிந்து, பக்கத்தில் இஞ்சித் துவையல். தேங்காய்ப்பாலுக்கு எங்கள் மலாய்க்காரர்கள்தான் ராஜா என்று நினைத்திருந்தேன். மூன்றாவது முறை சோறு வாங்கியபோது அந்த எண்ணத்தைக் கைவிட்டேன்.

கூடத்து மூலையில் நான்கு மரப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. அவள் அப்பா அதைக் காட்டி, "மார்ச்சோட எனக்கு ரிட்டயர்மெண்ட்டு" என்றார். "ரெண்டு மாசத்துல வீட்டக் காலி பண்ணணும். ஊருக்குப் போயிரணும்னுதான் பெட்டி வாங்குனேன். ஞாயித்துக்கிழம அந்த மேனேஜர் வாராராம்லா. பிள்ளைக்கு வேலை அமஞ்சிட்டுன்னா இங்கனயே ஒரு வீடு பாத்துருவோம். இல்லைன்னா எல்லாரும் கிளம்ப வேண்டியதான். அவளத் தனியா விட்டுட்டுப் போக முடியாதுல்லா?"

இசக்கி எனக்கு இன்னொரு கரண்டி சொதி ஊற்றினாள். அந்த வீட்டில் அந்தப் பெட்டிகளைப் பற்றி நிறையப் பேசி முடித்திருந்தார்கள் என்று தெரிந்தது.

மூன்றாம் நாள், சனிக்கிழமை, வாசிப்புக்கு அழைக்க அவளோடு நானும் போனேன். ஊர் பெயரைச் சொல்ல மாட்டேன். அம்பத்தூருக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில், கால்வாய் ஒன்றின் கரையில் இருக்கிற பழைய விவசாய ஊர் என்பது போதும். பஸ்ஸில் எங்களுக்குப் பின்னால் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். இசக்கி தயங்கினாள்.

"இந்த ஆளு கல்யாணத்துக்குப் போற ஷூவைப் போட்டுக்கிட்டு வயலுக்குப் போறாருன்னு ஒருத்தங்க சொல்றாங்க சார். ஒருவேளை மாப்பிள்ளை பாக்கப் போறாரோ என்னவோன்னு இன்னொருத்தங்க."

பஸ் நடுவழியில் நின்றுவிட்டது. மீதித் தூரத்தைச் சேற்று வரப்பில் நடந்தோம். அந்தப் பெண்கள் சொன்னதில் முதலாவது எவ்வளவு உண்மை என்று என் சப்பாத்துக்குத் தெரிந்தது.

வழியில் அவள் தன் ஆய்வைச் சொன்னாள். கால்வாய்க்கு மேற்புறம் உலோகத்துக்கு முலாம் பூசும் பட்டறைகள் இருக்கின்றன. அவை விடுகிற கழிவில் குரோமியம் இருக்கிறது. அது மண்ணுக்குள் இறங்கிக் கிணறுகளை எட்டுகிறதா, எட்டினால் எதுவரைக்கும்? கால்வாயிலிருந்து ஊர் எல்லை வரை பன்னிரண்டு கிணறுகளை எடுத்துக்கொண்டு, நான்கு மாதம், மாதம் ஒரு முறை தண்ணீர் எடுத்திருக்கிறாள். குரோமியம் இருக்கிற தண்ணீரில் ஒரு மருந்தைச் சொட்டுவிட்டால் கத்தரிப்பூ நிறம் வரும். முதல் ஆறு கிணறும் கத்தரிப்பூ. ஏழாவதிலிருந்து நிறமே இல்லை.

"அதனால பஞ்சாயத்துல ஏழாம் நம்பர் கிணத்துக்குப் பக்கத்துலேயே பொதுவா ஒரு அடிபம்பு போடப் போறாங்க சார். நாளைக்கு வாசிப்பு முடிஞ்சதும் தலைவர் இடத்தைக் குறிச்சுக் குடுக்கிறார்" என்றாள். சொல்லும்போது அவள் நடையே மாறிவிட்டது. படித்த படிப்பு ஒரு பம்பாக மண்ணில் நிற்கப் போகிறது. எனக்கே பெருமையாக இருந்தது.

ஒவ்வொரு வீட்டிலும் வெற்றிலைத் தட்டை நீட்டினாள். ஆறு வீடுகளில் எனக்கு மோர், வேர்க்கடலை, ஒரு வாழைப்பழம், மறுபடி மோர். ஏழாவது வீடு பச்சையம்மாவுடையது. நாற்பத்தைந்து வயதிருக்கும். பாதி நிலத்தை விற்றுவிட்டு, மீதியில் கீரை போட்டுக்கொண்டு, மத்தியானத்தில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் பாத்திரம் கழுவப் போகிறவர்.

"வா கண்ணு. இன்னா, ஆளக் கூட்டிகினு வந்துகீறே. குந்து நைனா, வெயில்ல வந்துகீறியே" என்று என்னையும் சேர்த்து உட்கார வைத்தார். உள்ளே போய்ச் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

வெளியூரில் கண்ட தண்ணீரைக் குடிக்காதே என்று என் மனைவி மூன்று முறை சொல்லி அனுப்பியிருந்தாள். ஆனால் ஏழாம் கிணறு சுத்தம் என்று ஆய்வே சொல்கிறதே. கடகடவென்று குடித்தேன். இளநீர் போல இருந்தது.

"அருமையான தண்ணிம்மா. இந்தக் கிணத்துல இவ்வளவு இனிப்பா?" என்றேன்.

பச்சையம்மா முகம் சுளித்தார். "சீ, அந்தக் கெணத்துத் தண்ணியா? அத்த ஊட்டுக்கு வந்த மன்சனுக்கு யார்னா குடுப்பாங்களா? மஞ்சளா நாத்தமட்ச்சிகினு கீது. இது ரயில் கேட்டுக்கு அந்தாண்ட பம்புசெட்டுலேருந்து நான் தூக்கியாந்தது நைனா. தெனம் ரெண்டு கொடம்."

இசக்கியின் கையில் வெற்றிலைத் தட்டு அப்படியே நின்றது.

"யக்கா" என்றாள். "மாசா மாசம் நான் பாட்டில் குடுத்தேனே. நீங்க பின்னாடி போய் ரொப்பிக் குடுத்தீங்களே."

"ஆமா. நீ வெயில்ல வாடிப் போயி வருவே. நீ குந்து, நான் இட்டாறேன்னு வாங்கிகினு போவேன். கொடத்துலேருந்துதான் ஊத்துனேன். காலேஜிலேருந்து ஒரு பொண்ணு தண்ணி கேட்டுகினு வருது, அதுங்கிட்டப் போயி அந்த நாத்தத் தண்ணியவா குடுக்கறது? நீ சொன்னாப்புல அதே தண்ணியால மூணு தபா பாட்டில அலசிட்டுத்தான் ஊத்துனேன், கண்ணு. கொறை ஒண்ணும் வெக்கில."

அவர் குறை எதுவும் வைக்கவில்லை. ஒரு பாட்டிலை மூன்று முறை அலச, வெகுதூரம் இடுப்பில் சுமந்து வந்த தண்ணீரை அவர் தாராளமாகக் கொட்டியிருக்கிறார். இசக்கி கேட்டது ஆய்வுக்குத் தண்ணீர். அவர் கொடுத்தது விருந்தாளிக்குத் தண்ணீர். மற்றப் பதினொரு கிணற்றிலும் அவள் தானே இறைத்தவள். இந்த வீட்டில் மட்டும் அந்த அன்பை மறுத்து எழுந்து பின்கட்டுக்குப் போக அவளுக்கு மனம் வரவில்லை. நான்கு மாதம், நான்கு பாட்டில், நான்கு சீட்டு. நான்கிலும் 'இறைத்தவர்' என்ற இடத்தில் அவள் கையெழுத்து.

அவள் எழுந்து பின்பக்கம் போனாள். நானும் போனேன். வாளியை இறக்கி இழுத்தாள். மேலே வந்த தண்ணீர் இலேசான மஞ்சள். பாட்டிலை அதிலேயே அலசி, நிரப்பி, மூடினாள். பச்சையம்மா வாசற்படியில் நின்று, "ஏங்கண்ணு, அத்தப் போயி எடுத்துகினு போறியே" என்று வருத்தப்பட்டார்.

கல்லூரிக்குத் திரும்பினோம். கூடத்தில் அவள் ஒரு சோதனைக் குழாயில் அந்தத் தண்ணீரை ஊற்றி மருந்தைச் சொட்டுவிட்டாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கத்தரிப்பூ நிறம் வந்தது.

அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது. "பன்னிரண்டில் ஒண்ணுதானே" என்றேன். "ஏழாவதை ஆய்விலிருந்து எடுத்துவிடு. மாதிரி சரியில்லை என்று ஒரு வரி எழுது. பதினொரு கிணறு போதும். உன் பட்டமும் நிற்கும், வேலையும் நிற்கும்." கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்த மரப்பெட்டிகள் என் கண்ணில் நின்றன. தவிர, நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

அவள் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "வரியை எடுத்துட்டா பம்பை எங்க சார் போடுவாங்க?" என்று மட்டும் கேட்டாள். "தலைவருக்கு ஏற்கெனவே தெரியும். அங்கேயேதான் போடுவாங்க."

ஞானவேல் வந்ததும் அவரிடம் சொன்னாள். அவர் கத்தினார். பத்து நிமிடம் கத்தினார். கையெழுத்து யாருடையது, கை யாருடையது, இரண்டு வருடம் இங்கே என்ன கிழித்தாய் என்றெல்லாம். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு அவருக்கு மூச்சு வாங்கியது. உட்கார்ந்து, "எல்லா வீட்டுக்கும் வெத்தலை வச்சாச்சா?" என்று கேட்டார்.

"வச்சாச்சு சார்."

"அப்ப நாளைக்கு வாசிப்பு உண்டு. என்னத்தைப் படிக்கணும்னு நீயே முடிவு பண்ணிக்க" என்றவர், தன் டீயைத் தொடாமலே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. ஊர்ப் பால் சொசைட்டிக் கட்டடத்தின் முன்னால் வாடகை நாற்காலிகள், ஒரு மைக். நூறு பேர் இருப்பார்கள். முன்வரிசையில் பஞ்சாயத்துத் தலைவரும் ஞானவேலும் நானும். பின்வரிசையில் அந்த மேலாளர், மடியில் டைரியோடு. ஓரத்தில் இசக்கியின் அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார். அவரிடம் அவள் எதுவும் சொல்லியிருக்கவில்லை என்று அவர் முகமே காட்டியது. பச்சையம்மா கேண்டீனுக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் புதுப்புடவையில் வந்திருந்தார். அவர் வீட்டு வாசலில் அல்லவா பம்பு வரப் போகிறது.

அவள் பேச வாய் திறந்ததும் மின்சாரம் போய்விட்டது. மைக்கை ஓரமாக வைத்துவிட்டு நேராகவே பேசினாள். சுவரில் ஒரு பெரிய தாள் மாட்டியிருந்தாள். அதில் பன்னிரண்டு வட்டங்கள். முதல் ஆறு கத்தரிப்பூ நிறத்தில், மற்றவை வெள்ளையாக. ஒவ்வொரு கிணற்றையும் சொந்தக்காரர் பெயரோடு சொல்லிக்கொண்டு வந்தாள். ஆறு முடிந்தது. சடையிலிருந்து பேனாவை எடுத்தாள். எல்லாரும் பார்க்க, வெள்ளையாக இருந்த ஏழாவது வட்டத்தைக் கத்தரிப்பூ நிறத்தால் நிரப்பினாள். வட்டம் பெரியது. நிரப்ப நேரம் பிடித்தது.

"இந்த ஏழாவது கிணறு நல்ல கிணறுன்னு நான் தலைவர் ஐயாகிட்டச் சொல்லியிருந்தேன்" என்றாள். "அது தப்பு. இங்க பம்பு போடாதீங்க. அந்தக் கிணத்துல நான் ஒரு தடவைகூட இறைக்கலை. இறைச்சேன்னு நாலு தடவை கையெழுத்துப் போட்டேன். நேத்துத்தான் இறைச்சேன். கெட்ட தண்ணி வந்துச்சு. தப்பு என்னோடது மட்டும்தான்."

பாட்டிலை நிரப்பியது யார் என்று அவள் சொல்லவில்லை. பச்சையம்மாவின் பக்கம் திரும்பவும் இல்லை. தலைவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் பச்சையம்மா எழுந்துவிட்டார்.

"இன்னா கண்ணு நீ, ஒண்டியா நின்னு ஏத்துக்கறே?" என்றார். "நாந்தாங்க ஊத்திக் குடுத்தேன். கேட்டாண்ட தூக்கியாந்த தண்ணிய. ஊட்டுக்கு வந்த பொண்ணுக்கு நல்ல தண்ணி குடுக்கறது தப்புன்னு எனக்குத் தெரியாதுங்க. என் ஊட்டாண்ட பம்பு வேணாம். எங்க நல்ல தண்ணி கீதோ அங்க போடுங்க. நான் நடந்துக்கறேன். இப்ப மட்டும் நடக்காமயா கீறேன்?"

அத்துடன் முடிந்திருந்தால்கூட எனக்கு மறக்காது. ஆனால் நடுவரிசையில் தலைப்பாகை கட்டிய ஒருவர் தொண்டையைச் செருமினார். போன வருடம் வந்த மாணவனுக்குத் தானும் பம்புசெட்டுத் தண்ணீரைத்தான் நிரப்பிக் கொடுத்ததாகச் சொன்னார். "மோரும் குடுத்தேன். மோரை அவன் குடிச்சிட்டான்" என்றார். பின்னால் ஒரு பெண், தானும்தான் என்றாள். கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது.

நான் ஞானவேலைப் பார்த்தேன். அவருடைய துறை பல வருடமாகச் செய்த வேலையில் எத்தனை பாட்டில் மோரோடு வந்த விருந்து என்று அவருக்கே தெரியாமல் போன நிமிடம் அது. நானாக இருந்தால் கூட்டத்தை முடித்திருப்பேன். அவர் எழுந்துபோய் அந்தத் தலைப்பாகைக்காரர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, "எந்தப் பையன்? எந்த மாசம்?" என்று கேட்டு எழுதத் தொடங்கினார். அந்த நாட்டில் நான் பார்த்த ஆராய்ச்சியில் பெரியது அதுதான்.

எல்லாம் கலைந்த பின் மேலாளர் இசக்கியிடம் வந்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"இதை நேத்து வரைக்கும் யாரும் கண்டுபிடிக்கலையா?"

"இல்லை சார்."

"திரும்பச் செய்ய எவ்வளவு நாள் ஆகும்?"

"நாலு மாசம் சார். பட்டமும் தள்ளிப் போகும்."

அவர் டைரியை மூடினார். "மே மாசத்துக்குள்ள நான் ஆள் எடுத்தாகணும்மா. பட்டம் இல்லாம எடுக்க எனக்கு அதிகாரம் இல்லை" என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. ஆனாலும் அது இல்லை என்ற பதில்தான். அவள் அப்பா அருகில் வந்து, அவள் கையிலிருந்த சுருட்டிய தாளை வாங்கிக்கொண்டார். "நட, வீட்டுக்குப் போவோம். அம்ம காத்துட்டு இருப்பா" என்றார். எனக்குக் கண் கலங்கியது. சப்பாத்தைத் துடைப்பது போலக் குனிந்துகொண்டேன்.

ஈப்போவுக்குத் திரும்பி முதல்வரிடம் பட்டியலைக் கொடுத்தேன். வாளி, கயிறு என்று தொடங்கியிருந்தது. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்த வாரமே பழைய ஈயக்குட்டை ஒன்றுக்கு நானே போனேன். கரை சறுக்கி முழங்கால் வரை சேற்றில் நின்று தண்ணீர் எடுத்தேன். அந்தக் குட்டை, இத்தனை வருடம் நான் அறிக்கை எழுதிய குட்டை அல்ல. சிப்பந்தி வீட்டிலிருந்து கிட்டத்தில் இருந்த வேறொன்றைத்தான் கொண்டுவந்திருக்கிறார். பழைய அறிக்கைகள் தவறு என்று மேலாண்மைக் குழுவுக்குக் கடிதம் எழுதினேன். கைதட்டவில்லை.

அடுத்த வருடம் பொங்கலுக்கு இசக்கியிடமிருந்து கடிதம் வந்தது. அப்பா அம்மா மரப்பெட்டிகளோடு திருநெல்வேலிக்குப் போய்விட்டார்கள். அவளைத் தனியே விட முடியாது என்று அப்பா சொன்னபோது, "தனியா இன்னாத்துக்கு, என் ஊட்ல இருக்கட்டும்" என்று பச்சையம்மா குவார்ட்டர்ஸுக்கே வந்து கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். நான்கு மாதம் அந்த வீட்டில் தங்கி, பன்னிரண்டு கிணற்றையும் மறுபடி இறைத்திருக்கிறாள். எட்டாவதிலிருந்து நல்ல தண்ணீர். ஒன்பதாவதன் பக்கத்தில் பம்பு நிற்கிறது. பச்சையம்மாவுக்கு இப்போது ரயில் கேட் தாண்ட வேண்டியதில்லை, தெருக்கோடி வரை நடந்தால் போதும். அந்த மேலாளர் வேறொரு தொழிற்சாலையில் இருக்கும் தன் நண்பருக்கு அவளைப் பற்றி எழுதினாராம். யாரும் பார்க்காத பிழையைத் தானே கொண்டுவந்து கொடுக்கிற பெண் என்று. அங்கே வேலை கிடைத்துவிட்டது.

கடிதத்தோடு ஒரு பாட்டில் சீட்டும் இருந்தது. கிணறு எண் ஏழு. இறைத்தவர்: இசக்கியம்மாள். அதற்குக் கீழே ஞானவேல் புதிதாக அச்சடித்துச் சேர்த்திருந்த ஒரு வரி: 'இறைக்கும்போது உடனிருந்த வீட்டார்'. அதற்கு எதிரே, கோணல் மாணலாக, எழுதக் கற்றுக்கொண்டு அதிக நாள் ஆகாத கையில், பச்சையம்மா என்று இருந்தது.

கடிதத்தின் கடைசியில் அவள் எழுதியிருந்தாள்: "அடுத்த முறை வரும்போது அக்கா வீட்டில் அவசியம் தண்ணீர் குடியுங்கள் சார். எங்கிருந்து கொண்டுவந்தது என்று மட்டும் கேட்டுவிட்டுக் குடியுங்கள்."